வெளி மாநிலத்தாருக்கு மட்டும் 30 டாலர்: மெட் அருங்காட்சியகத்தின் கட்டணம் நியாயமா?

ராரிட்டன்கரை எழுதியது:

வணக்கம். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அம்மா சொன்ன இடம் நியூயார்க்கில் இருக்கும் மெட் எனப்படும் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம். சோழர் காலத்துப் பார்வதியின் செப்புத் திருமேனி ஒன்று அங்கே இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு நெடுநாள் ஆசை.

கட்டணம் எவ்வளவு என்று பார்த்தேன். பெரியவர்களுக்கு 30 டாலர், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62. நான், மனைவி, அப்பா, அம்மா நால்வருக்கும் சேர்த்து 112 டாலர். மகளுக்கு 9 வயது என்பதால் இலவசம். மகன் நியூஜெர்சியில் படிக்கும் மாணவன், அதனால் அவன் விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும். நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கும் அப்படித்தான். மனம்போல் கொடுக்கலாம், ஒரு டாலர் கொடுத்தாலும் உள்ளே விடுவார்கள்.

112 டாலர் கொடுக்க எனக்கு வழி இருக்கிறது. என் கேள்வி வேறு. நான் குடியிருப்பது நியூஜெர்சியின் எடிசனில், வேலை மன்ஹாட்டனில். ஒவ்வொரு வருடமும் வெளி மாநிலத்தாருக்கான ஐடி-203 படிவம் நிரப்பி நியூயார்க் மாநிலத்துக்கு வருமான வரி கட்டுகிறேன். என் சித்தப்பா மகன் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் இருக்கிறான். அங்கிருந்து மன்ஹாட்டனுக்கு 350 மைலுக்கு மேல். அவன் வந்தால் விருப்பப்பட்ட தொகை, ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் வந்தால் முழுக் கட்டணம். பொது நிலத்தில், பொதுப் பணத்தில் இயங்கும் ஓர் இடம் இப்படிப் பிரித்து வாங்குவது சட்டப்படி செல்லுமா? செல்லும் என்றாலும், சரியா? நன்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதைரயில் எழுதியது:

நீங்கள் மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர், எனவே நியூயார்க் பொது நூலகத்தில் அட்டை வாங்கலாம். மாநிலத்துக்குள் வேலை செய்தாலே தருவார்கள். அருங்காட்சியகத்தில் ஓட்டுநர் உரிமம், மின்கட்டண ரசீது மாதிரி நூலக அட்டையையும் சான்றாக ஏற்கிறார்கள். அட்டையை நீட்டுங்கள், வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு யோசனை?

ராரிட்டன்கரை எழுதியது:

நன்றி, ஆனால் அதைச் செய்ய மாட்டேன். அந்தச் சலுகை குடியிருப்பவர்களுக்கு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே குடியிருக்கவில்லை. பத்து வயதுகூட ஆகாத மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வேறு ஊர்க்காரன் போல நின்று டிக்கெட் வாங்க முடியாது. விதி தவறு என்று தோன்றினால் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும், அதற்காகத்தான் இங்கே கேட்டேன்.

ஹார்ட்ஃபோர்ட்_வழக்கு எழுதியது:

சட்டப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவில், ஒரு மாநிலம் பிற மாநிலக் குடிமக்களின் உரிமைகளையும் சலுகைகளையும் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. இதை வைத்துப் பார்க்க வேண்டிய தீர்ப்புகள் இரண்டு.

1948இல் டூமர் எதிர் விட்செல். தென் கரோலினா, இறால் பிடிக்கும் படகு ஒன்றுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளி மாநிலத்தாரிடம் 2,500 டாலரும் உரிமக் கட்டணம் வாங்கியது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அது ஒருவருடைய பிழைப்பைத் தடுக்கும் விஷயம்.

1978இல் பால்ட்வின் எதிர் மொன்டானா. எல்க் மான் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலரில் உரிமம் வாங்கலாம். வெளியூர்க்காரர் 225 டாலர் கொடுத்துப் பல விலங்குகளுக்கான கூட்டு உரிமத்தை வாங்கியே ஆக வேண்டும். மினசோட்டாக்காரர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். பொழுதுபோக்கு வேட்டை, நாட்டை ஒன்றாகப் பிணைக்கும் அடிப்படை உரிமைகளில் சேராது என்றது நீதிமன்றம்.

அருங்காட்சியகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையில்தான் விழும் என்பது என் கணிப்பு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவருக்கும் வெளியூர் மாணவருக்கும் தனித்தனிக் கட்டணம் இருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதோடு, மெட் அரசுத் துறை இல்லை. பொது நிலத்தில் இயங்கும் லாப நோக்கற்ற தனி நிறுவனம். அதனால் அரசியலமைப்பு வாதத்தை அதன்மேல் வைப்பதே கடினம். உங்கள் பெற்றோர் அயல்நாட்டுக் குடிமக்கள், நான்காம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆகவே நீதிமன்றத்தை நம்பிப் பயனில்லை. சரியா தவறா என்பதை மற்றவர்கள் பேசட்டும்.

ஜாக்சன்ஹைட்ஸ்_அக்கா எழுதியது:

தம்பி, நான் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக இருப்பவள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நீங்கள் கட்டுவது மாநில வரி. அது மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போகிறது. மெட் இருக்கும் கட்டடம் நியூயார்க் நகரத்துடையது, நிலம் சென்ட்ரல் பார்க்கைச் சேர்ந்தது. விளக்குக்கும் வெப்பத்துக்கும் ஆகும் செலவை நகரம்தான் கொடுக்கிறது. அந்த நகரத்துக்கென்று தனி வருமான வரி இருக்கிறது, அதை இங்கே குடியிருக்கும் நாங்கள்தான் கட்டுகிறோம். என் சம்பளத்தில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் அதற்கே போகிறது. ஒரு காலத்தில் வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களிடமும் 0.45 சதவீதம் வாங்கினார்கள். 1999இல் அதை ஒழித்துவிட்டார்கள். இப்போது நீங்கள் மன்ஹாட்டனில் எவ்வளவு சம்பாதித்தாலும் நகர வருமான வரி உங்களுக்குக் கிடையாது.

அப்புறம், இந்த விதி ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 1893இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: நகரத்தின் பணம் வேண்டுமானால் வாரத்தில் ஐந்து நாளும் இரண்டு மாலையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்க வேண்டும். 1970இல் நகரத்தின் சம்மதத்தோடு ‘விருப்பம்போல் கொடுங்கள்’ என்ற முறை வந்தது. நான் வந்த புதிதில் தகரத்தில் செய்த சின்ன வட்ட வில்லை ஒன்றைத் தருவார்கள், சட்டையில் குத்திக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றலாம். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நிறம். 2013இல் அது போய் காகித ஒட்டி வந்தது. அதே வருடம், ‘பரிந்துரைக்கப்படும் தொகை’ என்று எழுதி மக்களைக் குழப்புகிறார்கள் என்று வழக்கு நடந்தது. 2016இல் சமரசமாகி, எவ்வளவு கொடுப்பது என்பது உங்கள் விருப்பம் என்று பலகையில் தெளிவாக எழுதினார்கள்.

பரிந்துரைத்த தொகையை முழுதாகக் கொடுத்தவர்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கு 63 பேர். பதின்மூன்று வருடத்தில் அது 17 ஆகிவிட்டது. ஆள் ஒருவருக்குச் சராசரியாக 9 டாலர்தான் வந்தது. அப்போது வந்தவர்கள் ஆண்டுக்கு 70 லட்சம் பேர், நிதிநிலையிலோ பற்றாக்குறை. இவ்வளவுக்கும் பிறகுதான் 2018 மார்ச் 1 முதல் வெளியூர்க்காரர்களுக்கு 25 டாலர் என்று கட்டாயமாக்கினார்கள். 2022இல் அது 30 ஆனது.

என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் பலர் வீட்டோடு இருந்து முதியவர்களைக் கவனிக்கும் வேலை செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து மெட்டுக்குள் இருக்கும் எகிப்துக் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்க, விமானம் ஏறி வருகிறவர் 30 டாலர் கொடுப்பது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. பாரிஸில் லூவ்ர் கூட 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு 22 யூரோ, வெளியாருக்கு 32 யூரோ என்று பிரித்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர் என்றால், மாமல்லபுரத்தில் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. ஓசிஐக்காரர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான். அங்கே வரி கட்டாத நாம் 40 ரூபாயில் உள்ளே போகிறோம்.

ராரிட்டன்கரை எழுதியது:

அக்கா, நகர வரி பற்றி நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். மாநிலத்துக்குக் கட்டுகிறேன் என்ற என் வாதம் அங்கே பலமிழக்கிறது. ஓசிஐ பற்றிச் சொன்னதும் உண்மை, 40 ரூபாயில்தான் போனோம்.

ஆனால் உங்கள் கணக்கையே வைத்துக் கேட்கிறேன். செலவு நகரத்துடையது என்றால் சலுகையும் நகரத்தாருக்கு மட்டும்தானே இருக்க வேண்டும்? பஃபலோவில் இருக்கும் என் தம்பியும் நகர வரி கட்டுவதில்லை. அவனுக்கு ஏன் விருப்பத்தொகை? கோடு நகரத்தின் எல்லையில் விழவில்லை, மாநிலத்தின் எல்லையில் விழுகிறது. யார் வரி கட்டுகிறார்கள் என்பதோடு அந்தக் கோடு எங்கேயும் பொருந்தவில்லை.

மாமல்லபுரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கேரளாவிலிருந்து வருபவரும் 40, பீகாரிலிருந்து வருபவரும் 40. சார்க் நாடுகளிலிருந்து வருபவருக்கும் அதே கட்டணம். ஒரே நாட்டுக்குள் மாநிலம் பார்த்துப் பிரிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நோவி_செல்வி எழுதியது:

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் வாக்குச்சீட்டில் பதில் சொன்னோம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் பல வருடம் பணமில்லாமல் திண்டாடியது. 2012 ஆகஸ்டில் சுற்றியிருக்கும் மூன்று கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி), வெய்ன், ஓக்லண்ட், மக்கோம், தனித்தனியாக வாக்கெடுப்பு நடந்தது. சொத்து வரியில் 0.2 மில் கூடுதலாகக் கட்டச் சம்மதமா என்பது கேள்வி. வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 20 சென்ட். எந்தக் கவுண்டி சம்மதிக்கிறதோ அந்தக் கவுண்டிக்காரர்களுக்கு நுழைவு இலவசம். மூன்றும் சம்மதித்தன. மக்கோமில் மட்டும் மயிரிழையில் தேறியது. அந்த வரி பத்து வருடத்துக்கு, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2.3 கோடி டாலர் தரும் என்பது அப்போதைய மதிப்பீடு. 2020 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு வைத்து இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டித்தோம். நானும் போய் ‘ஆம்’ என்று போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது என் சொத்து வரி ரசீதில் அதற்கென்று தனியாக ஒரு தொகை அச்சாகி வருகிறது. வரிக்குரிய மதிப்பு ஒன்றரை லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு வருடம் சுமார் 30 டாலர். மெட்டில் ஒரு டிக்கெட்டின் விலை. அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும், எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பேருந்துச் செலவும் அதில் அடக்கம். முதியோர் குழுக்களுக்கும் அப்படியே. மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 33இல் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்து நான்கு சுவர்களிலும் வரைந்த ஓவியக்கூடம் அங்கே இருக்கிறது. என் கணவர் வாகனத் துறையில்தான் வேலை செய்கிறார். மதிய வேளையில் அரைமணி நேரம் அந்த முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு உண்டு. டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் யாரும் அப்படிப் போக மாட்டார்கள். நான் மனதார ஆதரிப்பது இந்தப் பழக்கத்தைத்தான். வருடத்துக்கு ஒரு தடவை 30 டாலர் கொடுத்துப் போகிறவர் காலையிலிருந்து மாலை வரை கால் வலிக்க எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கிறார். பக்கத்தில் குடியிருப்பவர் ஒரே ஒரு சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ராரிட்டன்கரை கேட்ட கோட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கோடு மாநில எல்லையில் இல்லை. ஆன் ஆர்பரிலிருந்து வருகிறவர் மிச்சிகன்காரர்தான், ஆனால் அது வாஷ்டெனா கவுண்டி, அவர் டிக்கெட் வாங்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அங்கிருந்துதான் வருகிறார். அவர் இதுவரை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. காரணம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது: நாங்கள் வரியில் கொடுத்துவிட்டோம், அவர் வாசலில் கொடுக்கிறார். மெட் வைத்திருக்கும் கோட்டில் இந்தத் தெளிவு இல்லை. செலவு நகரத்துடையது, சலுகை மாநிலத்துக்கு, மாணவர்களுக்கான சலுகை மட்டும் மூன்று மாநிலத்துக்கு. 1893 சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் மாநில எல்லையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நியூஜெர்சியின் ஹோபோகனில் இருந்து ஆற்றைத் தாண்டி வருபவருக்கு அது விளங்காததில் வியப்பில்லை.

செயின்ட் லூயிஸ் இன்னொரு வகை. அங்கே 1971இல் நகரமும் கவுண்டியும் சேர்ந்து விலங்குக்காட்சி சாலைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சொத்து வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கலை அருங்காட்சியகத்தில் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. மிசௌரி ஆற்றுக்கு அக்கரையில் செயின்ட் சார்லஸ் கவுண்டி இருக்கிறது, அவர்கள் இந்த வரி கட்டுவதில்லை, இலவசமாக உள்ளே வருகிறார்கள். கட்டடத்தின் நெற்றியிலேயே ‘கலைக்கு அர்ப்பணம், அனைவருக்கும் இலவசம்’ என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். வரி கட்டும் ஊர் மனமுவந்து மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. எல்லா ஊராலும் அது முடியாது. டெட்ராய்ட் நகரம் 2013இல் திவாலானபோது, அருங்காட்சியகத்தில் இருந்த ஓவியங்களையே விற்றுக் கடன் அடைக்கும்படி கடன் கொடுத்தவர்கள் சொன்னார்கள். அறக்கட்டளைகளும் மாநிலமும் பணம் போட்டுத்தான் அந்தச் சேகரிப்பு தப்பியது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால், வெளியூர்க்காரரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது.

மெட் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறு ஒன்று. 2018இல் அவர்கள் சொன்ன கணக்கின்படி, நுழைவுக் கட்டண வரவு 4.3 கோடி டாலரிலிருந்து 4.9 கோடியாகும். மொத்தச் செலவு ஆண்டுக்கு 30 கோடிக்கு மேல். கூடுதலாக வருவது அதில் இரண்டு சதவீதம்தான். அதற்காக, வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அந்த வாசலின் தன்மையே மாறிவிட்டது. வெளி மாநிலத்திலிருந்து வரும் ஏழை ஒருவருக்கு ஒரு நாளாவது, ஒரு மாலையாவது பழையபடி விருப்பத்தொகை என்று விட்டிருக்கலாம். 1893 சட்டத்திலேயே இரண்டு மாலைகள் இருந்தன, அதில் ஒன்றை எல்லோருக்குமாக மீட்டாலே போதும் என்பேன்.

ஜாக்சன்ஹைட்ஸ்_அக்கா எழுதியது:

செல்வி சொன்ன அந்த ஒரு மாலைக்கு நான் முழுச் சம்மதம். எங்கள் நகர மன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறேன். கட்டடம் நகரத்துடையது என்பதால் இந்த விதிக்கே நகரத்தின் ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். எனவே கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதுவதைவிட இங்கே வாக்களிக்கும் நான் எழுதுவதற்கு எடை கூடுதல் இருக்கும்.

ராரிட்டன்கரை எழுதியது:

அக்கா, எழுதுங்கள். வேலைக்கு வந்து போகிறவர்கள் சார்பில் இரண்டு பத்தி நான் எழுதித் தருகிறேன், அதோடு சேர்த்து அனுப்புங்கள்.

செல்வி சொன்னது போல மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் எங்களிடம் அருங்காட்சியகத்துக்கென்று வருடம் ஒரு சிறு தொகை கேட்டால் நான் மகிழ்ச்சியோடு கட்டுவேன். மதிய இடைவேளையில் ஒரு சிலையைப் பார்த்துவிட்டு வரும் அந்தப் பழக்கம் எனக்கும் வேண்டும்.

ஜூனில் 112 டாலர் கொடுத்துத்தான் போகப் போகிறோம். அம்மாவின் ஊரைச் சுற்றிப் பிறந்த சிற்ப மரபு அது, அங்கே கோயிலில் காசு கேட்காமல் பார்த்த உருவம் என்ற எண்ணம் மனதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் காத்து வைக்கும் செலவு யாராவது செய்துதான் ஆக வேண்டும், அதுவும் புரிகிறது. எந்த நாளில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்? அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

ஜாக்சன்ஹைட்ஸ்_அக்கா எழுதியது:

புதன்கிழமை விடுமுறை, அன்று வந்துவிடாதீர்கள். வெள்ளி, சனி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெள்ளி மாலை ஐந்துக்கு மேல் வந்தால் பள்ளிக் கூட்டம் இருக்காது. ஐந்தாம் அவென்யூவில் பெரிய படிக்கட்டு வழியாக ஏற வேண்டாம், 81ஆம் தெரு வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள். தெற்காசியப் பிரிவு இரண்டாம் தளத்தில். மின்தூக்கியில் ஏறி நேராக அம்மாவைப் பார்வதியிடம் கூட்டிப்போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நடராசரும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறார். பகலிலேயே வந்தால் அந்த டிக்கெட்டில் அன்றே வடக்கே இருக்கும் மெட்டின் கிளையான க்ளாய்ஸ்டர்ஸுக்கும் போகலாம், ஆனால் அப்பாவின் முழங்காலுக்கு அது வேண்டாம்.